குதிரைமேல் நடக்கும் தெரபிக்கு ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டலாமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஐந்து வயது, செரிப்ரல் பால்சி (மூளைப் பாதிப்பால் உடம்பின் அசைவும் நிலையும் கட்டுக்குள் வராத குறைபாடு). சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கு வாரம் இரண்டு நாள் போகிறான். சுவரில் சாய்ந்தால் உட்காருவான். சாயாமல் உட்கார்ந்தால் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொள்கிறான், ஸ்பூன் பிடிக்கக் கை மிச்சமில்லை. குதிரைமேல் உட்காரவைத்துச் செய்யும் தெரபியையும் சேர்க்கலாம் என்கிறார் அவனுடைய தெரபிஸ்ட். அந்த மையத்தில் 48 அமர்வுக்கு மொத்தமாகக் கட்டினால் 20 சதவீதம் தள்ளுபடி, ஆனால் பணம் திரும்ப வராது. கணவர் சம்பளத்தை 100 என்று வைத்தால் வீட்டுச் செலவு 72, இப்போதைய தெரபி 14, மிச்சம் 14. குதிரை அமர்வு ஒன்றுக்கு 2, போய்வர 1. அவசரத்துக்கென்று மூன்று மாதச் செலவுப் பணம் இருக்கிறது. அதில் கைவைக்கலாமா, கடன் வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். குதிரை வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த 48தான் வேண்டாம்.

முதலில் எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று பார்ப்போம். இதற்கு ஹிப்போதெரபி என்று பெயர். கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை. (நீர்யானையைக் கிரேக்கர்கள் ஆற்றுக் குதிரை என்றார்கள். நமக்கு அது யானையாகத் தெரிந்திருக்கிறது.) குதிரை நடக்கும்போது மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், சுழற்சியாகவும் அசையும். மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இப்படித்தான். குதிரை நிமிடத்துக்குச் சுமார் 100 தடவை காலடி எடுத்து வைக்கிறது என்றால், 20 நிமிடத்தில் 2,000 தடவை உங்கள் பையனின் உடம்பு சாய்ந்து, திரும்ப நிமிர வேண்டியிருக்கும். மேஜையோரம் உட்காரவைத்து அத்தனை தடவை செய்யச் சொன்னால் எந்தக் குழந்தையும் அழுதுவிடும்.

ஆனால் நடை மட்டும் சிகிச்சை ஆகாது. எப்போது குதிரையை நிறுத்துவது, எப்போது வளைத்து நடத்துவது, பையனைப் பின்பக்கம் பார்த்து உட்காரவைப்பதா, இப்போது கையில் வளையம் கொடுக்கலாமா என்று பார்த்துப் பார்த்து முடிவெடுப்பது தெரபிஸ்ட். நீங்கள் காசு கொடுப்பது அந்தக் கண்ணுக்கு. அதனால் மையத்தில் முதலில் கேளுங்கள்: பக்கத்தில் நிற்கப்போவது தகுதி பெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்டா, குதிரையேற்றப் பயிற்சியாளரா? பயிற்சியாளர் என்றால் அது மாற்றுத்திறனாளிகளுக்கான சவாரி வகுப்பு. நல்ல விஷயம்தான், ஆனால் சிகிச்சை விலை கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது தள்ளுபடிக் கணக்கு. 48 அமர்வுக்கு 96, தள்ளுபடி போக 76.8. முழு விலையில் அதே பணத்துக்கு 38 அமர்வு வரும். அதாவது வருடத்தில் 10 அமர்வு தவறினாலே தள்ளுபடி போச்சு. பையனுக்குச் சளி, மழை, குதிரைக்குக் கால்வலி, உங்களுக்கு ஒரு கல்யாண வீடு... பத்து என்ன, பதினைந்துகூட ஆகலாம். போக்குவரத்து 48 சேர்த்தால் மொத்தம் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. சேமிப்பிலிருந்து அந்த 76.8 போனால் மூன்று மாதக் கையிருப்பு இரண்டு மாதமாகிவிடும். ஒரே சம்பளம் வருகிற வீட்டில் அது பயமான இடம். கடன் இன்னும் மோசம். பலனில்லை என்று நான்காவது மாதம் தெரிந்தாலும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும்.

மையத்தைக் குறை சொல்லவில்லை. பையன் வராத நாளிலும் குதிரை தின்னும். ஓர் அமர்வுக்குத் தெரபிஸ்ட், குதிரையைப் பிடித்து நடத்துகிறவர், பக்கத்தில் தாங்கிக்கொண்டு வருகிறவர் என்று மூன்று நான்கு பேர் வேண்டும். அவர்கள் முன்பணம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் சுமையை நீங்கள் ஏற்கக் காரணம் இல்லை.

நான் சொல்வது 12 அமர்வு, வாரம் ஒன்று, அவ்வப்போது கட்டுவது. நான்கு வாரத்துக்கு 8, போய்வர 4, ஆக 12. உங்கள் மிச்சம் 14-க்குள் அடங்குகிறது. மூன்று மாதம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அவ்வளவுதான். இதற்காக இப்போதைய தெரபியைக் குறைத்துவிடாதீர்கள்.

ஏன் 12? செரிப்ரல் பால்சி குழந்தைகளுக்கு உட்காரும் சமநிலையும் உடம்பின் நடுப்பகுதிக் கட்டுப்பாடும் தேறியதாகக் காட்டும் ஆய்வுகள் உண்டு. பலவும் சிறியவை, 8 முதல் 12 வாரம் நடந்தவை. அந்த அளவு நம்பிக்கைக்கு அந்த அளவு பணம். தொடங்கும் முன் தெரபிஸ்டிடம் ஓர் இலக்கை எழுதி வாங்குங்கள்: ‘சுவரில் சாயாமல் உட்கார்ந்து, ஒரு கையை ஊன்றாமல், ஐந்து வாய் சாப்பிடுவான்’ என்பது போல. இன்றே வீட்டில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். 12 முடிந்ததும் அதே இடத்தில், அதே ஸ்பூனோடு இன்னொன்று. பையன் குதிரைமேல் சிரிக்கிறான் என்பதும் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அடுத்த 12-க்குக் கட்டுவதா என்பதை அந்த இரண்டு வீடியோ சொல்லட்டும்.

பணம் கட்டும் முன் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். இடுப்பு மூட்டு நழுவியிருந்தாலோ, வலிப்பு கட்டுக்குள் வராமல் இருந்தாலோ குதிரை ஆகாது என்று சொல்லக்கூடும். முன்பணம் கட்டிய பிறகு அது தெரிந்தால் யாரிடம் போய் நிற்பது?

காப்பீடு இருந்தால் ஒரு வார்த்தை. ஆக்குபேஷனல் தெரபிக்குப் பணம் தரும் நிறுவனங்களிலும் சில, குதிரை என்று பார்த்ததும் ‘இன்னும் நிரூபிக்கப்படாத முறை’ என்று தள்ளிவிடும். ஹிப்போதெரபி தனிச் சிகிச்சை அல்ல, தெரபிஸ்டின் கருவிகளில் ஒன்று என்று துறையில் இருப்பவர்கள் வாதாடுகிறார்கள், நியாயமும் இருக்கிறது. ஆனால் ஃபோனில் ‘சரி, பார்க்கலாம்’ என்று சொன்னதை நம்பாமல் முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். குதிரையை மறைத்து பில் போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் தெரிந்தால் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

இலக்கை எட்டிவிட்டான், ஆனாலும் குதிரையை விட மாட்டேன் என்கிறான் என்றால், அப்புறம் மாதம் ஒருமுறை சவாரி வகுப்புக்குக் கூட்டிப்போங்கள். அந்தச் செலவைத் தெரபிக் கணக்கில் எழுதாதீர்கள், பொழுதுபோக்கில் எழுதுங்கள்.