பாயின்செட்டியா: நிறத்தைக் கேட்டீர்கள், வேரைப் பார்த்தீர்களா?

கேள்வி: ஐயா, புக்கிட் மெர்தாஜாமில் சிறிய பூந்தோட்டம் வைத்துச் செடிகள் விற்கிறேன். நவம்பர் கடைசியில் கேமரன் மலையிலிருந்து, கிறிஸ்துமஸுக்கு உச்சி இலைகள் சிவந்து நிற்கும் அந்தப் பாயின்செட்டியாச் செடி 40 தொட்டி எடுத்து வந்தேன். தேவாலயத்துக்கும் வீடுகளுக்குமாக 26 விற்றுவிட்டன, மீதம் 14. புத்தாண்டு முடிந்ததிலிருந்து கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. பொங்கலுக்குள் நான்கு செடிகள் மொட்டையாகிவிட்டன. தினமும் காலையில் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். உரக்கடையில் சிவப்பு நிறம் தரும் மருந்து என்று ஒரு பாட்டில் 38 ரிங்கிட் சொல்கிறார்கள். வாங்கலாமா? அடுத்த கிறிஸ்துமஸுக்கு இதே செடிகளைச் சிவக்க வைத்து விற்க முடியுமா?

பதில்: அம்மா, அந்தப் பாட்டிலை வாங்காதீர்கள். கடைக்காரர் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனால், செடி சாகிறது என்று வருகிறவரிடம் பூ மருந்து விற்பது, காய்ச்சல்காரனுக்குப் பட்டு வேட்டி விற்பதைப் போன்றது. நான் பிரித்துப் பார்த்த இத்தகைய பாட்டில்கள் எல்லாம் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) சற்றுத் தூக்கலான சாதாரணத் திரவ உரம்தான்.

நீங்கள் நிறத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ ‘தினமும் காலையில் தவறாமல்’ என்ற சொற்களைத் தாண்டிப் போக முடியவில்லை. தொட்டிகளைச் சுற்றியிருந்த பளபளப்புத் தாளைக் கழற்றினீர்களா? கழற்றியிருக்க மாட்டீர்கள், தாளோடு இருந்தால்தானே விலை போகும். அந்தத் தாளுக்குள் இரண்டு விரற்கடை அழுக்குத் தண்ணீர் நிற்கும். செடி இரவும் பகலும் அதில் கால் நனைத்துக்கொண்டு நிற்கிறது.

மொட்டையான நான்கில் ஒன்றைக் கவிழ்த்து, மண்கட்டியோடு உருவுங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். பழுப்பு வேர் தென்பட்டால், அதை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது பித்தியம் பூஞ்சணத்தின் வேரழுகல். சாக்கடை நாற்றமும் சேர்ந்தே வரும். அப்படிப்பட்ட செடியை மண்ணோடு குப்பையில் போடுங்கள். மண்ணை வீணாக்குவானேன் என்று மற்றத் தொட்டிகளில் கொட்டிவிடாதீர்கள்.

இனி என் பழைய பாட்டு. வழக்கமாகப் படிப்பவர்கள் சிரிக்கட்டும். தொட்டிச் செடிக்கு மூட்டையில் வரும் ‘தானா ஹித்தாம்’ கருப்பு மண்ணை மட்டும் போடாதீர்கள்! தரையில் அது நல்ல மண்ணாக இருக்கலாம். ஒரு சாண் தொட்டியில், மாலை மழை நான்கு அடித்ததும் அடைமண்ணாக இறுகி, காற்றுக்கு வழியில்லாமல் செய்துவிடும். உங்களுக்குப் பக்கத்திலேயே செபராங் பிறையிலும் கெடாவிலும் நெல் விளைகிறது. உமிக்கரிக்கு, அதுதான் ‘செக்காம் பாக்கார்’, அங்கே பஞ்சமா?

அதிலும் பார்த்து வாங்க வேண்டும். ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். உமியின் படகு வடிவம் கெடாமல் கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் பொடியாக உதிர்ந்தால் அது கரி அல்ல, வெறும் சாம்பல். மூட்டை கனக்கட்டும் என்று அதையும் சேர்த்துக் கட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். சாம்பல் மண்ணின் துளைகளை அடைக்கும், காரத்தையும் ஏற்றும். பாயின்செட்டியாவுக்கோ கார அமில நிலை (pH) 6 ஐ ஒட்டி, லேசான அமிலமாக இருப்பதுதான் பிடிக்கும். நல்ல கரியையும் ஓரிரவு ஊறவைத்து, இரண்டு முறை அலசிவிட்டே பயன்படுத்துங்கள். தேங்காய் நார்த்தூளையும் அப்படியே. அதில் உப்பு இருக்கும். நார்த்தூள் இரண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு. ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் மேலே தேங்காமல் உடனே அடியில் ஒழுக வேண்டும். அதன் பிறகு காலை, மாலை என்ற கணக்கு வேண்டாம். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனம் குறைந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

தேறிய செடிகளில் சிவப்பு வெளுத்ததும், தண்டுக்கு மூன்று நான்கு கணுக்கள் விட்டு ஒரு சாண் உயரத்தில் வெட்டி, புதுக் கலவைக்கு மாற்றுங்கள். வெட்டிய இடத்தில் பால் வடியும். தோலில் பட்டால் அரிக்கும். அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள். துளிர் வந்த பிறகுதான் உரம். அதுவும் அளவில் பாதி, இரு வாரத்துக்கு ஒரு முறை. ஆகஸ்ட் கடைசி வரை நுனி கிள்ளலாம். குள்ளச் செடி ஏன் நெடுநெடுவென்று போகிறது என்று ஜூனில் இன்னொரு கடிதம் எழுத வேண்டாம்: தொட்டிக்கு வரும் செடிகளைப் பெரும்பாலும் வளர்ச்சி குறைக்கும் மருந்து கொடுத்தே குட்டையாக வைத்திருப்பார்கள். மருந்தின் வேகம் அடங்கியதும், மெக்சிகோவில் ஆளுயரத்துக்கு மேல் வளரும் அந்தப் புதர் தன் குணத்தைக் காட்டும்.

இப்போது நிறம். சிவப்பாக இருப்பவை இதழ்கள் அல்ல, இலைகள்; பூ என்பது நடுவே உள்ள மஞ்சள் குமிழ்கள்தான். அந்த இலைகளைச் சிவக்க வைப்பது நீண்ட இரவு. அக்டோபர் தொடக்கத்திலிருந்து எட்டுப் பத்து வாரங்கள், மாலை 5 முதல் காலை 7 வரை ஒளி புகாத இருட்டு வேண்டும். பினாங்கில் பகல் நீளம் ஆண்டு முழுக்க ஏறத்தாழ 11 மணி 50 நிமிடத்துக்கும் 12 மணி 25 நிமிடத்துக்கும் நடுவேதான் ஆடுகிறது. பூப்பதா வேண்டாமா என்று செடி தயங்கும் எல்லை இது. தெருவிளக்கு வெளிச்சம் விழுந்தாலே காரியம் கெடும்.

சரி, பெட்டி போட்டு மூடிவிடலாம் என்பீர்கள். வெப்பத்தை என்ன செய்வீர்கள்? இரவில் 21, 22 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் பூ பிடிப்பது தள்ளிப்போகும். உங்கள் ஊரில் விடியற்காலையிலேயே 24 பாகை. மூடிய பெட்டிக்குள் இன்னும் கூடும். கேமரன் மலைக்காரர்களுக்கு 1,400 மீட்டர் உயரத்துக் குளிர் சும்மா கிடைக்கிறது. ஆகவே, விற்பனைக்கென்று இதைச் செய்யாதீர்கள், கூலிக்குக் கட்டாது. ஆசைக்கு இரண்டு தொட்டியில் செய்து பாருங்கள். சிவப்பு சிறுத்து, பொங்கலுக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை 40 எடுக்காமல் 25 எடுங்கள். நடுவில் மஞ்சள் குமிழ்கள் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்; உதிர்ந்திருந்தால் பழைய சரக்கு. வேனிலிருந்து இறக்கிய அன்றே பிளாஸ்டிக் உறையைக் கழற்றுங்கள். உள்ளேயே வைத்தால் இலைக்காம்புகள் கீழே வளைந்து தொங்கும். பளபளப்புத் தாளின் அடியில் நான்கு ஓட்டை போட்டு, கீழே ஒரு தட்டு வையுங்கள்.

முதலில் அந்தப் 14 தொட்டிகளையும் இன்றே கவிழ்த்துப் பாருங்கள். எத்தனையில் வெள்ளை வேர் இருந்தது என்று எண்ணி எழுதுங்கள். மற்றதை அதன் பிறகு பேசுவோம்.