குழந்தைகளுக்கு எக்மோ: கேளுங்கள், சொல்கிறேன்

இதய ஆபரேஷன் தியேட்டரில் பெர்ஃப்யூஷனிஸ்ட் வேலை எனக்கு, அதாவது ரத்தத்தை ஓடவிடும் மெஷின்களை இயக்குபவன், ஊர் புதுச்சேரி. நுரையீரல், இதயத்தின் வேலையை உடம்புக்கு வெளியே இருந்து செய்யும் எக்மோ மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பல ராத்திரி விழித்திருக்கிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பம் தங்கை: அண்ணா, எக்மோ என்றாலே கைவிட்ட மாதிரிதானே? ஜெயலலிதா அம்மா, எஸ்.பி.பி. சார் யாரும் திரும்பி வரவில்லையே.

இந்தப் பயம் எல்லோருக்கும் இருக்கிறது தங்கச்சி. ஆனால் பச்சைக் குழந்தை விஷயம் வேறு. அம்மா வயிற்றுக்குள்ளேயே மலம் போய், அது நுரையீரலில் ஏறி மூச்சுத் திணறிய ஒரு குழந்தையை 1975-லேயே கலிஃபோர்னியாவில் டாக்டர் ராபர்ட் பார்ட்லெட் இதில் வைத்துப் பிழைக்க வைத்தார். 1996-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், எக்மோவுக்கு அனுப்பிய சிசுக்களில் மூன்றில் ஒன்று இறந்தது. வழக்கமான சிகிச்சையிலேயே வைத்திருந்த பக்கம் ஐந்தில் மூன்று.

வில்லியனூர் சார்: மெஷின் நுரையீரலைச் சரிசெய்துவிடுமா?

இல்லை சார், அவகாசம் மட்டும்தான் தரும். கழுத்து ரத்தக்குழாய் வழியாக ரத்தத்தை எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, சூடாக்கி உள்ளே அனுப்புவோம். அதுவரை நுரையீரலும் இதயமும் ஓய்வெடுத்துத் தானாகத் தேறவேண்டும். 3 கிலோ குழந்தை உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 250 மில்லி, ஒரு டம்ளர் அளவு, டியூபை நிரப்பவே அவ்வளவு தேவைப்படும் என்பதால் முதலில் தானமாக வந்த ரத்தத்தைத்தான் ஓடவிடுவோம். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போகும், அதனால் மூளையில் கசிவு வரலாம், எனக்குப் பெரிய பயம் அதுதான். 34 வாரத்துக்கு முன் பிறந்த, 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பொதுவாக வைக்காததும் இதனால்தான்.

பண்ருட்டி அக்கா: அண்ணன் பையனுக்கு 6 வயது, வைரஸ் காய்ச்சலில் இதயத் தசை வீங்கிவிட்டது. பலன் இருக்குமா?

இருக்கும் அக்கா. அந்த வீக்கம் வடிந்தால் பல பிள்ளைகளுக்கு இதயம் நன்றாகத் திரும்பிவிடும், வடியும்வரை உயிரைத் தாங்குவதுதான் மெஷின் வேலை. பிரஷர் இறங்குகிறது, மருந்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள் என்றால் இன்றைக்கே கேளுங்கள்.

நெல்லிக்குப்பம் தம்பி: சென்னைக்குக் கொண்டுபோவதென்றால் எப்போது முடிவெடுக்க வேண்டும்?

சீக்கிரம். வென்டிலேட்டரில் அதிக அழுத்தத்தில் ஒரு வாரம் தாண்டினால் நுரையீரல் அதிலேயே கெட்டுப்போகும், அப்புறம் எக்மோ வைத்தும் பலன் குறைவு. இங்கிருந்து ஈசிஆரில் 150 கிலோமீட்டர், நிலைகுலைந்த குழந்தைக்கு அது மிக நீண்ட தூரம். டாக்டரிடம் "ஓ.ஐ. எவ்வளவு?" என்று கேளுங்கள், வென்டிலேட்டர் தரும் அழுத்தத்துக்கும் ஆக்சிஜனுக்கும் ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் எண் அது (ஆக்சிஜனேஷன் இண்டெக்ஸ்), கூடினால் நிலைமை மோசம். சிசுவுக்கு அது 40-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் எக்மோ பேச்சை எடுக்கும் கட்டம் வந்துவிட்டது. 25, 30 என்று ஏறும்போதே சென்னைக்குப் போன் போட்டுவிடச் சொல்லுங்கள் தம்பி.