கொழும்பு கோட்டை, புறக்கோட்டைப் பக்கம் அதிக செலவில்லாமல், பயமில்லாமல் இரண்டு இரவு தங்க எங்கே போகலாம்?

கேள்வி கேட்ட அக்கா ஹட்டனில் இருந்து மகளோடு போகிறாராம். பாஸ்போர்ட் வேலை, இரண்டு இரவு, மகளுக்குத் துறைமுகத்தில் கப்பல் பார்க்க ஆசை, கையில் காசு மட்டாகத்தான் இருக்கிறது. நான் தலவாக்கலையில் ஒரு சின்ன பேன்சி கடை வைத்திருக்கிறேன். பத்து வருடத்துக்கு மேலாக, மாதம் ஒரு தடவையாவது சரக்கு எடுக்கப் புறக்கோட்டை கெய்சர் தெருவில் இறங்குகிறவன். அந்தப் பக்கத்து லொட்ஜ் மெத்தை ஒவ்வொன்றையும் என் முதுகுக்குத் தெரியும். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பாஸ்போர்ட் மட்டும்தான் வேலை என்றால் கோட்டையில் தங்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த அலுவலகம் இப்போது பத்தரமுல்லையில், சுஹுருபாயவில் இருக்கிறது. மருதானைப் பக்கம் இருந்த காலம் போய்விட்டது, ஆனால் பழைய நினைப்பில் இன்னும் அங்கே போய் இறங்கி முழிக்கிறவர்கள் உண்டு. கண்டியிலும் ஒரு பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அவசரமில்லாதவர்கள் அங்கேயே முதலில் விசாரிக்கலாம். உங்களுக்குக் கப்பலும் பார்க்க வேண்டும் என்பதால் கோட்டை சரி. புறக்கோட்டையில் இருந்து 190, 170 இரண்டு பஸ்ஸும் பத்தரமுல்லை வழியாகப் போகும். புறப்படும் இடத்திலேயே ஏறுவதால் விடியக்காலையில் சீட் கிடைக்கும். பைல், போட்டோ, பிள்ளை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு நின்றபடி போகத் தேவையில்லை.

சரி, ஹோட்டலுக்கு வருவோம்.

கோட்டை ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ஒல்கொட் சிலைக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். இடது கைப் பக்கமாக நடந்தால் கோட்டை. வீதியைக் கடந்து நேரேயும் வலது பக்கமும் புறக்கோட்டை, அதாவது பெட்டா. இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிட நடைதான், ஆனால் இரவில் இரண்டும் வேறு வேறு ஊர். கோட்டை என்று பேர்தானே தவிர, சுவரை எல்லாம் 1870 வாக்கிலேயே வெள்ளைக்காரன் இடித்துவிட்டான். இப்போது அது வங்கியும் அலுவலகமும் நிறைந்த இடம். மாலை ஆறு, ஏழு மணிக்கு அலுவலகக் கூட்டம் கலைந்ததும் தெரு வெறிச்சோடிவிடும், ஞாயிற்றுக்கிழமை ஒரு சோத்துப் பார்சலுக்கு அலைய வேண்டிவரும். பெட்டாவில் எந்த நேரமும் பசியாறலாம். செட்டியார் தெருப் பக்கம் சைவக் கடை, மற்றப் பக்கம் எல்லாம் முஸ்லிம் ஹோட்டல், நடுராத்திரியிலும் கொத்து ரொட்டித் தகடு சத்தம் கேட்கும். அதுதான் பிரச்சினையும். அறைக்குள் படுத்திருந்தாலும் அந்தத் தகட்டுச் சத்தம் உங்கள் காதுக்குள்தான் அடிக்கும். ஒரு காலத்தில் இதைவிட மோசம். நுவரெலியா லீக்ஸும் கரட்டும் கோவாவும் ஏற்றிய லொறிகள் விடிய விடிய மெனிங் மார்க்கட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். 2020இல் மார்க்கட்டைப் பேலியகொடைக்கு மாற்றிய பிறகு அந்த இரைச்சல் குறைந்துவிட்டது.

பெட்டா லொட்ஜ்கள் மலிவு. கடைசியாக நான் ஏசி இல்லாத ஒரு பேன் ரூமுக்கு 3500 ரூபாய் கொடுத்தேன். ஆனால் அந்த மலிவில் ஒரு பொறி இருக்கிறது. அதில் நானே மாட்டியிருக்கிறேன்.

கடை தொடங்கிய புதிதில் இரவு மெயில் கோச்சியில் வந்து, இருட்டோடு இருட்டாகக் கோட்டையில் இறங்கினேன். தலவாக்கலைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர் கொழும்புப் புழுக்கத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு லொட்ஜில் மாடியேறினேன். மேசையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் எழும்பி, அன்றைய வாடகை 1500 ரூபாயை வாங்கிக்கொண்டு, அரை முழ நீளக் கட்டையில் கோத்த சாவியைக் கொடுத்தார். அறையைப் பிரித்தது ஒரு பலகைத் தடுப்பு. அடுத்த அறைக்காரர் டுபாயில் இருக்கும் யாரோடோ பேசுகிறார், அவர் கடன் கணக்கு முழுவதும் எனக்குப் பாடமாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் ஒரு சாண் தூரத்தில் அடுத்த கட்டடத்துச் சுவர். பேன் ரெகுலேட்டரில் திருகு இல்லை. அந்த இடத்தில் யாரோ ஒரு நீலப் பேனா மூடியைச் செருகி வைத்திருந்தார்கள், அதைத் திருகினால் பேன் சுற்றியது. அந்த மூளையை நான் இன்றும் மெச்சுகிறேன். பகலில் சரக்கு எடுத்துவிட்டு மூன்று மணிக்கு வந்தால் பெரியவர் கணக்குப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "தம்பி, பன்னிரண்டு மணிக்கு நாள் மாறும். நீங்க ரெண்டு நாள்." அதாவது விடியக்காலை நாலரைக்கு நுழைந்து மாலை மூன்றுக்குக் கிளம்பியதற்கு 3000. அந்தக் காசுக்கு அப்போது கோட்டைப் பக்கம் ஏசி ரூமே கிடைத்திருக்கும்.

அதனால் வாடகை எவ்வளவு என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, நாள் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதைத்தான். சில லொட்ஜில் நுழைந்த நேரத்தில் இருந்து 24 மணித்தியாலம். சிலதில் பகல் பன்னிரண்டு. பெரிய ஹோட்டல்களில் வழக்கமாகப் பிற்பகல் இரண்டுக்குத்தான் அறை தருவார்கள். நம்மூரில் இருந்து வருகிறவர்கள் இரவு வண்டியில் வந்து விடிய இறங்கிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை விட்டு, காலை பஸ்ஸில் ஏறிக் கித்துல்கல, அவிசாவளை வழியாகப் பகலிலேயே வந்து சேருங்கள். ஒரு நாள் வாடகை மிச்சம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பெட்டா லொட்ஜ்களில் மணிக்கணக்குக்கு விடுகிறவையும் இருக்கின்றன. ஆண்கள் இரண்டு மூன்று பேர் சரக்கெடுக்க வந்து படுத்துப் போவதற்குச் சரி. பெண் பிள்ளையோடு போகும் உங்களுக்கு, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் சொல்ல மாட்டேன்.

கோட்டைப் பக்கம் மூன்று நான்கு இடங்கள் நினைவுக்கு வருகின்றன. ஹொஸ்பிட்டல் வீதியில் சிட்டிரெஸ்ட் என்ற ஹொஸ்டல் இருக்கிறது. ஆளுக்கொரு கட்டில் என்ற கணக்கு, ஒன்றின் மேல் ஒன்றாக. நான் ஒரு தடவை மேல் கட்டிலில் படுத்தேன், கீழே ஒரு வெள்ளைக்காரப் பையன், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததோடு சரி. இடம் சுத்தம், ஏசி உண்டு. தனி ஆளுக்கு லாபம். தாயும் மகளுமாக இரண்டு கட்டில் எடுத்தால் ஒரு சின்ன அறை விலைக்குக் கிட்ட வந்துவிடும். பிரிஸ்டல் வீதியில் வை.எம்.சி.ஏ. பல காலமாக மலிவாகத் தங்க இடம் கொடுத்து வந்த பழைய கட்டடம். ஆடம்பரம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது, எந்த அறை காலி என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கெனல் ரோவில் கொழும்பு சிட்டி ஹோட்டல் நடுத்தர விலை. பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக்கும் இரட்டைக் கோபுரத்துக்கும் பக்கம். அங்கிருந்து காலிமுகத்திடலுக்கு நடந்தே போய்விடலாம் என்பது பெரிய வசதி.

அப்புறம் யோர்க் வீதியில், துறைமுக வாசலுக்கு எதிரே கிராண்ட் ஓரியண்டல். பட்டாளத்துக் குடியிருப்பாக இருந்த கட்டடத்தை மாற்றி 1875இல் ஹோட்டலாகத் திறந்தார்கள். கப்பலில் வந்து இறங்குகிறவன் பெட்டியோடு நடந்து போய்ப் படுக்கக்கூடிய தூரம். இன்றைக்கு அது பழையதாகிப்போன பெரிய மனுஷன் மாதிரி. நட்சத்திர ஹோட்டல் விலை இல்லை, ஆனால் லொட்ஜ் விலையும் இல்லை. நான் அங்கே படுத்ததில்லை. அம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போன நாளில் நாலாம் மாடியில் டீ குடித்திருக்கிறேன். அந்த ஜன்னலில் இருந்து துறைமுகம் முழுவதும் விரிந்து கிடக்கும். கிரேன், கொண்டெய்னர், வெளியே காத்துக்கிடக்கும் கப்பல். அம்மா முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர். "நம்ம தூள் இதுலயா போகுது?" என்றார். ஆமாம், தேயிலை ஏலமே 1883இல் இருந்து கொழும்பில்தான் நடக்கிறது, இங்கேதான் ஏற்றுகிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோப்பையில் இருந்த பையை நூலோடு தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, "டஸ்ட்டைக் கட்டி வச்சிருக்கானுங்க" என்று சொல்லிச் சோசரில் போட்டார். பில்லைப் பார்த்திருந்தால் இன்னும் என்ன சொல்லியிருப்பாரோ, நான் காட்டவில்லை.

உங்கள் மகளுக்குக் கப்பல் காட்ட இதைவிட எளிய வழி கிடையாது. துறைமுகத்துக்குள் நாம் போக முடியாது. தங்க வேண்டாம், நாலாம் மாடியில் ஒரு டீ போதும். பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் கடலில் வரிசையாக நிற்கிற கப்பலையும் எண்ணலாம். அங்கேயே தங்கத்தான் ஆசை என்றால், துறைமுகம் தெரியும் அறை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். எல்லா அறைக்கும் அந்தப் பாக்கியம் இல்லை.

விலையில் ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு. பெரிய ஹோட்டலில் 10,000 என்று சொன்னால் "வரி எல்லாம் சேர்த்தா?" என்று உடனே கேளுங்கள். சேவைக் கட்டணம் 10 வீதம் சேர்ந்தால் 11,000. அதற்கு மேல் வற் வரி, 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம். 12,980 ஆகிவிடும். இன்டர்நெட்டில் டொலர் விலையைப் பார்த்துப் பதறாமல், ஹோட்டலுக்கே போன் போட்டு உள்ளூர்க்காரருக்கு எவ்வளவு என்று கேட்டால் பல இடங்களில் குறையும். அடையாள அட்டையைக் காட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

இன்டர்நெட்டில் இன்னொரு விளையாட்டு உண்டு. பேரில் "ஃபோர்ட்", அதாவது கோட்டை என்று இருக்கும், கட்டடம் மருதானையில் இருக்கும். விலாசத்தில் கொழும்புக்குப் பிறகு வரும் இலக்கத்தைப் பாருங்கள். 1 என்றால்தான் கோட்டை. 11 புறக்கோட்டை, 12 புதுக்கடை, 13 கொட்டாஞ்சேனை, 10 மருதானை, 2 கொம்பனித்தெரு.

கொட்டாஞ்சேனை நம் ஆட்கள் நிறைய இருக்கும் பக்கம். பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எல்லாம் பக்கம், தமிழிலேயே காரியம் முடியும், சாப்பாடும் நம் நாக்குக்கு ஒத்துவரும். அங்கே சொந்தக்காரர் வீடு இருந்தால் வேறெதையும் யோசிக்காதீர்கள். லொட்ஜ் என்றால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அடையாள அட்டையை மட்டும் எங்கே போனாலும் மறக்காதீர்கள். யுத்த காலத்தில், 2007 ஜூன் 7ஆம் திகதி விடியக்காலை, பொலிஸார் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கானோரை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம்தான் அதை நிறுத்தியது. இப்போது அந்தப் பயம் இல்லை. ஆனாலும் நான் கொழும்புக்குக் கிளம்பும்போது அம்மா சாப்பாட்டுப் பார்சலுக்கு முன்னால் கேட்பது "ஐடென்டி எடுத்தியா" என்பதைத்தான்.

சரி, உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன்? முதலில் யூனியன் பிளேஸில் இருக்கும் வை.டபிள்யூ.சி.ஏ. விடுதிக்குப் போன் பண்ணுவேன். கொழும்பு 2, கோட்டையில் இருந்து த்ரீவீலரில் கொஞ்ச தூரம், தாயும் மகளும் நிம்மதியாகப் படுக்கலாம். அங்கே இடமில்லை என்றால் கெனல் ரோ சிட்டி ஹோட்டல். இரண்டு இரவும் அங்கே முடியாது, காசு இடிக்கிறது என்றால், பத்தரமுல்லை வேலையை முதல் நாளே முடித்துவிட்டு ஒரு இரவோடு திரும்பப் பாருங்கள். இரண்டு இரவு மலிவான இடத்தில் தூங்காமல் கிடப்பதைவிட ஒரு இரவு நல்ல இடத்தில் தூங்குவது மேல்.

ஏசி இல்லாத அறை எடுத்தால் பேனைப் போட்டுப் பார்த்த பிறகு காசு கொடுங்கள், நுளம்புத் திரி ஒரு பெட்டி கையோடு கொண்டுபோங்கள். ஸ்டேஷனில் இறங்கியதும் கூப்பிடுகிற த்ரீவீலரில் ஏறாமல் போனில் பிக்மி ஆப்பில் வண்டி கூப்பிட்டால் காசு குறையும். திரும்புகிற நாளில் அறையைக் காலி பண்ணிவிட்டுப் பையை ரிசப்ஷனில் வைக்கச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஸ்டேஷனிலும் பை வைக்கும் அறை இருக்கிறது. ஸ்வெட்டரை மட்டும் அந்தப் பையில் வைத்துவிடாமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பின்னேர பஸ்ஸில் கினிகத்தேனை தாண்டியதும் மகள் கேட்பாள்.