அடுக்களைக் கேள்வி – பதில்: காப்பிக்கொட்டையை வீட்டிலேயே அரைப்பவர்களுக்கு

குளுவாங், ரெங்கம், பாலோ வட்டாரத்து வாசகர்கள் இம்மாதம் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை காப்பி அரைக்கும் எந்திரத்தைப் பற்றியே இருந்தன. 1938 முதல் ரயில் நிலையத்துக் காப்பிக்கடைக்குப் பேர்போன குளுவாங் பக்கத்தில் இது வியப்பில்லை. எனவே இந்த இதழின் பக்கங்களை அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

ஓர் ஆசிரியை, குளுவாங்: இதுவரை காப்பிக்கொட்டையை மிக்சியில்தான் அரைத்து வருகிறேன். "பர் கிரைண்டர் வாங்குங்கம்மா, சுவையே மாறிவிடும்" என்கிறான் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகன். ஐந்நூறு ரிங்கிட் ஒதுக்கியிருக்கிறேன். உண்மையிலேயே வேறுபாடு தெரியுமா? எதை வாங்குவது?

தெரியும், அம்மா. மிக்சியின் கத்தி கொட்டையை அரைப்பதில்லை, வெட்டிச் சிதறடிக்கிறது. கத்தியின் வழியில் மீண்டும் மீண்டும் அகப்பட்டது மாவாகிவிடுகிறது. ஓரத்தில் ஒதுங்கியது குருணையாகவே தங்கிவிடுகிறது. வெந்நீர் பட்டதும் மாவு தன் சாரத்தை விரைவாகக் கொடுத்துவிட்டுக் கசப்பையும் துவர்ப்பையும் இறக்கத் தொடங்குகிறது. குருணைக்குள்ளோ நீர் முழுமையாக இறங்குவதில்லை. அதிலிருந்து வருவது பெரும்பாலும் புளிப்புதான். ஒரே குவளையில் இரண்டும் சேர்ந்து வருவதால், பாலையும் சர்க்கரையையும் கூட்டித்தான் நாம் அதை மறைக்கிறோம்.

பர் கிரைண்டரில் கத்தி கிடையாது; பல் வெட்டிய இரண்டு வளையங்கள் இருக்கும். ஒன்று அசையாமல் நிற்க, மற்றொன்று சுழல, இடையிலுள்ள சந்தில் கொட்டை நொறுங்கி, அந்தச் சந்து விடும் அளவுக்குச் சிறிதானதும் கீழே விழுகிறது. பாட்டி காலத்துத் திருகை வேலை செய்த விதமும் இதுவேதான். சந்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருப்பதால், தூள் எவ்வளவு நைசாக வேண்டும் என்பதை எந்திரத்தின் போக்குக்கு விடாமல் நீங்களே முடிவு செய்கிறீர்கள். அதற்குத்தான் இந்தப் பணம்.

ஐந்நூறு ரிங்கிட்டுக்குள் என்றால், என் கருத்தில் எஃகுப் பர் பொருத்திய கையரவையே சிறந்தது. மின்சார எந்திரத்தின் விலையில் ஒரு பெரும் பங்கு மோட்டாருக்கும் உடலுக்கும் போய்விடும். கையரவையிலோ நீங்கள் கொடுக்கும் பணம் பல்லுக்கும் அதைத் தாங்கும் அச்சுக்கும் செல்கிறது. கடைக்கு நேரில் சென்றால் மூடியைத் திறந்து, நடுத்தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தண்டு மேலும் கீழும் இரண்டு பேரிங்குகளில் அமர்ந்து அசையாமல் நின்றால் வாங்கலாம். கடகடவென்று ஆடினால், பல் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் தூள் சீராக வராது. விலை குறைந்த பீங்கான் பர் கையரவைகள் பலவற்றில், குறிப்பாகக் கரகரப்பாக அரைக்கும்போது, குறை இங்கேதான் இருக்கிறது. பீங்கான் துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் கொட்டையோடு வரும் ஒரு சிறு கல்லே அதன் விளிம்பைப் பெயர்த்துவிடும்.

ஆனால் ஒன்று. கையரவையில் ஒரு முறைக்கு இருபது முதல் முப்பது கிராம் வரைதான் பிடிக்கும். வீட்டில் ஐந்தாறு பேர் காலையில் ஒரே நேரத்தில் பில்டர் காப்பி குடிப்பவர்கள் என்றால், இரண்டு மூன்று முறை நிரப்பிச் சுற்ற வேண்டியிருக்கும். பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் அது சில வாரங்களிலேயே சலித்துவிடும். அப்படிப்பட்ட வீடானால் இன்னும் சிறிது பணம் சேர்த்து, கூம்பு வடிவப் பர் கொண்ட மின்சார எந்திரத்தையே வாங்குங்கள். தட்டை வடிவப் பர் உயர்ந்தது என்று விற்பனையாளர் சொல்லலாம். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கும் காப்பியில் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர், குளுவாங்: மின்சாரப் பர் கிரைண்டர் வாங்கி, பசாரில் வறுத்த கொட்டை அரைக் கிலோ வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாளே எந்திரம் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே தார் பூசியதுபோல் இருக்கிறது. எந்திரம் மட்டமா, கொட்டை மட்டமா?

இரண்டுமே மட்டமில்லை, ஐயா, ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை. நம் ஊர்க் கோப்பி-ஓவுக்கான, அதாவது பாலில்லாக் கறுப்புக் காப்பிக்கான, கொட்டையை வறுக்கும்போது, முடிவில் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துப் புரட்டுவது வழக்கம். சர்க்கரை உருகிக் கருகிக் கொட்டையின் மேல் கறுப்புப் பூச்சாகப் படிகிறது. கடைக்காரரின் பெரிய ஆலை அதைத் தாங்கும். வீட்டு எந்திரத்தின் நெருக்கமான பற்களிலோ, அரைபடும் சூட்டில் அந்தப் பூச்சு இளகி, பல்லிடுக்கில் ஒட்டி, ஆறியதும் இறுகிக்கொள்கிறது. நீங்கள் கண்ட தார் அதுதான்.

இதை வாங்கும்போதே கண்டுகொள்ளலாம். வெறுமனே வறுத்த கொட்டை பழுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாக உருளும். சர்க்கரை போட்டது மையைப் போல் கறுத்து, கண்ணாடிப் பளபளப்புடன், இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். பொட்டலத்தில் அச்சிட்ட பொருள் பட்டியலில் கூலா (மலாயில் சர்க்கரை), மார்ஜரின் என்று இருந்தால் அதைத் தூளாகவே அரைத்துத் தரச் சொல்லி வாங்குங்கள். சர்க்கரை சேர்க்காமல் மார்ஜரின் மட்டும் சேர்த்து வறுக்கும் ஈப்போ வெள்ளைக் காப்பிக் கொட்டைக்கும் இதையே சொல்வேன். அந்தக் கொழுப்பு பல்லில் தங்கி நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும்.

உங்கள் எந்திரம் பாழாகிவிடவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேலுள்ள கொட்டைக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். மேற்பர் பெரும்பாலும் திருகினால் கையோடு வந்துவிடும். தனியாக வந்த பரை மட்டும் சிறிது பாத்திரச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டால் சர்க்கரை கரைந்துவிடும். மிச்சத்தைப் பழைய பல் தூரிகையால் தேய்த்தெடுக்கலாம். எஃகு துருப்பிடிக்கும் என்பதால் உடனே துடைத்து, சொட்டு ஈரமும் இல்லாமல் உலர்த்திய பின்னரே பூட்ட வேண்டும். மோட்டாரோடு இணைந்துள்ள கீழ்ப்பரைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது. மரக்குச்சியாலும் உலர்ந்த தூரிகையாலும் சுரண்டிவிடுங்கள்.

அடுத்த முறை, எதுவும் சேர்க்காமல் வறுத்த ஜொகூர் லிபெரிக்கா வகைக் காப்பிக்கொட்டையைக் கேட்டு வாங்குங்கள். பத்து பகாட், பொந்தியான், குளுவாங் பக்கம் விளைவது பெரும்பாலும் அதுதான். ஆனால் லிபெரிக்கா கொட்டை அராபிக்கா வகைக் கொட்டையைவிடப் பெரியது. ஒரு பக்கம் கூர்ந்தும் கோணலாகவும் இருக்கும். குறுகிய வாயுள்ள எந்திரத்தில் கிண்ணம் நிறையக் கொட்டினால், கொட்டைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு பல்லுக்குள் இறங்காமல் நிற்கும். எந்திரத்தை முதலில் ஓட விட்டு, சிறிது சிறிதாகப் போடுங்கள்.

ஓர் இளம் வாசகி, ரெங்கம்: நான் வாங்கிய கையரவையில் திருகும்போது டிக் டிக் என்று சத்தம் வருகிறது. பில்டர் காப்பிக்கு எத்தனையாவது டிக்கில் வைப்பது என்று எங்கும் போடவில்லை. ஒரு நாள் டிகாஷன் இறங்கவே இல்லை. மறுநாள் தண்ணீராக ஓடிவிட்டது.

எண் போடாததற்குக் காரணம் உண்டு, தங்கையே. ஒரு நிறுவனத்தின் பன்னிரண்டாவது டிக் மற்றொன்றின் இருபதாக இருக்கலாம். உங்கள் எந்திரத்துக்கான எண்ணை நீங்களேதான் காண வேண்டும், அது கடினமானதன்று. கொட்டை இல்லாமல், இரண்டு பரும் தொட்டுக் கைப்பிடி சுழல மறுக்கும் வரை மெதுவாக இறுக்குங்கள். அதுதான் பூஜ்யம். அங்கிருந்து தளர்த்திக்கொண்டே டிக்குகளை எண்ணுங்கள். நம் பில்டருக்கு வேண்டிய தூள் எஸ்பிரசோவுக்கானதைவிடச் சற்றுக் கரகரப்பாகவும், காகித வடிகட்டியில் ஊற்றி இறக்கும் காப்பிக்கானதைவிட நைசாகவும் இருக்க வேண்டும். விரலிடையில் தேய்த்தால் மாவைப் போல் வழுக்காமல், மெல்லிய நறநறப்புத் தெரிய வேண்டும்.

இருபது கிராம் கொட்டையை அரைத்து, பில்டரில் இட்டு, லேசாகத் தட்டிச் சமன்செய்து, அழுத்தும் தட்டைத் தன் பாரத்திலேயே உட்கார வைத்து, கொதித்து அடங்கிய நீரை ஏறத்தாழ நூறு மில்லிலிட்டர் ஊற்றுங்கள். கால் மணி நேரம் முதல் இருபது நிமிடத்துக்குள் இறங்கி முடிந்தால் சரியான இடத்துக்கு அருகில் இருக்கிறீர்கள். அரை மணி ஆகியும் மேல்தட்டில் நீர் நின்றால் இரண்டு டிக் தளர்த்துங்கள். ஐந்தே நிமிடத்தில் ஓடிவிட்டால் இரண்டு டிக் இறுக்குங்கள். ஒரு நேரத்தில் டிக்கை மட்டுமே மாற்றுங்கள். கொட்டையின் எடையையும் நீரின் அளவையும் கையின் அழுத்தத்தையும் அப்படியே விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும். எடை பார்க்கும் சிறு தராசு ஒன்று இல்லாவிட்டால் இந்தச் சோதனை முழுவதும் வீண்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதுவரை கடைத்தூள் வாங்கியிருந்தால் அதில் சிக்கரி கலந்திருக்கக்கூடும். சிக்கரி நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, டிகாஷனை மெதுவாக இறக்குவதோடு கறுப்பும் கெட்டியுமாக ஆக்குகிறது. வெறும் கொட்டையை அரைத்தவர்கள் டிகாஷன் நீர்த்திருப்பதைக் கண்டு எந்திரத்தைக் குறை சொல்வது இதனால்தான். சிக்கரிச் சுவை வேண்டுமென்றால் தூளாகவே வாங்கி, அரைத்த பிறகு கலந்துகொள்ளுங்கள். சிக்கரித் துண்டுகளைப் பருக்குள் போடாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும்.

ஒரு வாசகி, குளுவாங்: அதே எந்திரத்தில் மிளகும் மல்லியும் அரைக்கலாமா? வாசனை போக அரிசி போட்டு அரைத்தால் போதும் என்கிறார்களே.

அரைக்க வேண்டாம். மிளகின் எண்ணெய் பல்லிடுக்கில் தங்கிவிட்டால் அடுத்து வரும் காப்பிகளில் ரசம் மணக்கும். அரிசி, வறுத்த கொட்டையைவிடக் கடினமானது. அது மோட்டாரை வருத்தும். வாரம் ஒரு முறை உலர்ந்த தூரிகையால் துடைத்தாலே போதும். மசாலாவுக்கு உங்கள் பழைய மிக்சி இருக்கவே இருக்கிறது.

ஒரு வாசகர், பாலோ: தாத்தா தொரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். அங்கிருந்து வந்த வார்ப்பிரும்புக் காப்பி அரவை ஒன்று வீட்டில் இருக்கிறது. மேசை விளிம்பில் திருகி மாட்டும் வகை. பயன்படுத்தலாமா?

பயன்படுத்த முடிந்தால் நல்லதுதான். மலாயாவில் ரப்பருக்கு முன்னர் காப்பித் தோட்டங்கள் இருந்தன. இலைத்துரு நோய் இலங்கைக் காப்பியை அழித்த பின் அங்கிருந்து வந்த தொரைமார் சிலர் இங்கே லிபெரிக்காவைப் பயிரிட்டனர். 1890களின் பிற்பகுதியில் பிரேசிலின் பெருவிளைச்சலால் விலை விழ, அந்த நிலங்கள் ரப்பருக்கு மாறின. காப்பி போனாலும் பங்களாக்களில் அரவைகள் தங்கிவிட்டன.

முதலில் உட்புறத்தைப் பாருங்கள். கொட்டை படும் இடத்தில் பழைய பெயிண்ட் பூசியிருந்தாலோ உரிந்துகொண்டிருந்தாலோ, அதை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உட்புறம் வெறும் இரும்பாக இருந்து மேலோட்டமான துரு மட்டும் இருந்தால், கம்பித் தூரிகையால் தேய்த்து, உலர்த்தி, மலிவான கொட்டை ஒரு பிடியை இரண்டு மூன்று முறை அரைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு பழகலாம். பல் முனைகளை விரலால் தடவிப் பாருங்கள். மழுங்கி வழுவழுப்பாக இருந்தால் கொட்டையை நசுக்குமே தவிர வெட்டாது. துணி வடிகட்டியில் இறக்கும் காப்பிக்கு அது போதும், பில்டருக்குப் போதாது.

ஓர் இல்லத்தரசி, குளுவாங்: கொட்டையைக் குளிர்பெட்டியில் வைக்கலாமா? அரைத்த தூள் கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொள்வதற்கு வழி என்ன?

தினமும் திறந்து மூடும் டப்பாவைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். சில்லென்றிருக்கும் கொட்டையின் மேல் நம் ஊர்க் காற்றின் ஈரம் நொடியில் படிந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத அலமாரியில் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். கூடுதலாக வாங்கிவிட்டால், ஒரு வாரத்துக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி உறைபெட்டியில் வைத்து, வெளியே எடுத்த பொட்டலம் அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். எந்திரத்தின் கிண்ணத்தை டப்பாவாகப் பயன்படுத்த வேண்டாம்; வேண்டிய அளவை எடைபோட்டு அவ்வப்போது போடுங்கள்.

தூள் ஒட்டுவது உராய்வில் எழும் நிலைமின்சாரத்தால். அரைக்கும் முன் கொட்டையில் ஒரு துளி நீரிட்டு, கரண்டிக் காம்பால் கிளறிவிடுங்கள். காப்பிப் பிரியர்கள் நெடுநாளாகச் செய்துவந்த இதை, 2023இல் ஒரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, ஈரம் மின்னேற்றத்தைக் குறைக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். ஒரு துளி போதும்; இரண்டு கரண்டி வேண்டாம்.

ஒரு வாசகர், ரெங்கம்: அண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அங்கே மின்சார அரவை வாங்கி வரச் சொல்லலாமா? ஜப்பானிலிருந்து வரவழைத்தால் மலிவு என்றும் சொல்கிறார்.

சிங்கப்பூரில் வாங்கலாம். அங்கும் இங்கும் ஒரே வகை மின்சாரம், ஒரே மூன்று முள் பிளக். உத்தரவாதம் மலேசியாவிலும் செல்லுமா, தேய்ந்த பர் தனியாகக் கிடைக்குமா என்பதை மட்டும் கடையில் கேட்டுவிடச் சொல்லுங்கள். ஜப்பானில் ஓடுவது 100 வோல்ட். அந்த நாட்டுச் சந்தைக்கென்று செய்ததை இங்கே நேரடியாகச் செருகினால் மோட்டார் புகைந்துவிடும். தைவானிலும் அமெரிக்காவிலும் 110, 120 வோல்ட், அதுவும் 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் போட்டால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. எந்திரத்தின் அடியில் ஒட்டியுள்ள தகட்டில் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்பதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கையரவை என்றால் எந்த நாட்டிலிருந்தும் தாராளமாக வரவழைக்கலாம்.