ஆன்டெனா வாங்கும் முன் வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள்

கேள்வி: எங்கள் கிடங்கில் 28 கிகாஹெர்ட்ஸில் தனியார் 5ஜி நெட்வொர்க் போட்டிருக்கிறோம். நான்கு ஆன்டெனா, 400 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்வித் (அலைவரிசையின் அகலம்). தானாக ஓடும் வண்டிகளின் இடம் திறந்த பகுதியில் சரியாகத் தெரிகிறது. இரும்பு ராக்குகளுக்கு நடுவே போனால் மூன்று நான்கு மீட்டர் தள்ளிக் காட்டுகிறது. இன்னும் நான்கு ஆன்டெனா வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகலாம், ஆகாமலும் போகலாம். பணத்தைக் கொடுக்கும் முன் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். ராக்குகளுக்கு நடுவே, டேப் பிடித்து அளந்த ஓர் இடத்தில் வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் சிஸ்டம் காட்டிய இடங்களை எல்லாம் ஒரே படத்தில் புள்ளிகளாகப் போடுங்கள். உண்மையான இடத்தைச் சுற்றிப் புள்ளிகள் சிதறியிருந்தால் அது வெறும் இரைச்சல், அதாவது அளவீட்டில் வரும் தற்செயல் பிழை. சராசரி எடுத்தாலே பாதி குறையும். இரண்டு மூன்று குவியலாகப் பிரிந்து இங்கும் அங்கும் தாவினால் எதிரொலிப்பு. ஒரே குவியலாகத் தள்ளி விழுந்தால் அதே சோதனையைத் திறந்த பகுதியிலும் செய்யுங்கள். அங்கேயும் தள்ளினால் கடிகாரமோ ஆன்டெனாவின் இடக்கணக்கோ தப்பு.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு எதிரொலிப்பின் மேல்தான் சந்தேகம். இந்த அலைவரிசையில் இரும்பு கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி. நேராக வர வேண்டிய சிக்னல் ராக்கில் தடைபட, எதிர் ராக்கில் பட்டுத் திரும்பியதுதான் வண்டிக்குக் கிடைக்கிறது. சிக்னல் வர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் தூரம் கணக்கிடப்படுகிறது; பட்டுத் திரும்பும் பாதையோ நேர்ப்பாதையை விட எப்போதும் நீளமாகத்தான் இருக்கும், குறுகவே குறுகாது. அதனால் எத்தனை முறை சராசரி எடுத்தாலும் பிழை போகாது.

400 மெகாஹெர்ட்ஸ் இருந்தால் நீளத்தில் சுமார் 75 செ.மீ. வேறுபடும் இரண்டு பாதைகளைப் பிரித்தறியலாம். 100 மெகாஹெர்ட்ஸில் அதுவே 3 மீட்டர். ஆக, பேண்ட்வித் உங்களிடம் தாராளமாக இருக்கிறது. அதைச் சரியாகப் பயன்படுத்துகிறார்களா என்பதுதான் கேள்வி. டேட்டா அனுப்ப நெட்வொர்க் வலுவான பீமைத் (ஒரே திசையில் குவித்த சிக்னல் கற்றை) தேர்ந்தெடுக்கும். அது எதிரொலித்து வந்தாலும் டேட்டாவுக்குக் கவலையில்லை. தூரம் அளக்கவோ முதலில் வந்து சேர்ந்த சிக்னல்தான் வேண்டும், அது எவ்வளவு மெலிந்திருந்தாலும். இதை உங்களுக்கு நெட்வொர்க் போட்டுத் தந்தவர்களிடம் நேராகவே கேளுங்கள்: பல பீம்களில் அளக்கிறீர்களா, முதல் சிக்னலை எடுக்கிறீர்களா, வலுவானதை எடுக்கிறீர்களா? மொபைல் நெட்வொர்க்குகளுக்கான தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 17ஆம் வெளியீட்டிலிருந்து, வந்தது நேர்ப்பாதையா இல்லையா என்ற குறிப்பையும் அளவீட்டோடு அனுப்ப வழி இருக்கிறது. அது இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் ஆன்டெனா. எண்ணிக்கையை விட, எந்த இடத்திலிருந்து எத்தனை கண்ணில் படுகிறது என்பதே முக்கியம். வண்டியின் ஆன்டெனா இருக்கும் உயரத்துக்குக் குனிந்து, சந்தின் நடுவிலிருந்து மேலே பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆன்டெனாவை அந்த இடத்தில் நம்ப முடியாது. குறைந்தது மூன்று ஆன்டெனா தெரிந்தால்தான் தூரத்தை மட்டும் வைத்து இடம் கணிக்க முடியும். அந்த மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால் அதுவும் உதவாது. சந்தின் நீளவாக்கில் துல்லியம் வரும், குறுக்கே வராது. கோணத்தையும் அளக்கும் சிஸ்டம் என்றால் ஆன்டெனா குறைவாகத் தெரிந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் மாட்டும்போது ஒரு டிகிரி திரும்பிவிட்டால் 30 மீட்டரில் அரை மீட்டர் பிசகும்.

கடிகாரத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஒரு நானோ நொடி பிசகினால் 30 செ.மீ. போச்சு. டேட்டாவுக்காக ஆன்டெனாக்களிடையே 3 மைக்ரோ நொடி வரை வித்தியாசத்தை அனுமதிக்கிறார்கள். தூரக் கணக்கில் அது 900 மீட்டர்! ஆன்டெனாக்களுக்கிடையே சிக்னலின் வருகை நேர வித்தியாசத்தை வைத்துக் கணிக்கும் முறையென்றால் இது பெரிய தலைவலி. சிக்னல் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் முறைக்கு மாறினால் ஆன்டெனாக்களுக்குள் கடிகாரப் பொருத்தம் தேவைப்படாது. வண்டியிலுள்ள கருவியின் உள் தாமதத்தையும் ஆன்டெனா பக்கத்துக் கருவியின் உள் தாமதத்தையும் அளந்து கழிக்க வேண்டும்.

இடக்கணக்கு தப்புவதும் சாதாரணம்தான். ஒரு தளத்தில் இரண்டு வாரம் மென்பொருளைக் குடைந்தோம். கடைசியில் பார்த்தால், ஒரு ஆன்டெனாவின் தூரத்தைத் தூணின் இந்தப் பக்கத்திலிருந்து அளப்பதற்குப் பதில் அந்தப் பக்கத்திலிருந்து அளந்திருந்தார்கள்.

நின்றால் சரி, ஓடினால்தான் தள்ளுகிறது என்றால் இதில் எதுவுமே காரணமில்லை, தாமதம்தான். நொடிக்கு 2 மீட்டர் ஓடும் வண்டியின் இடம் அரை நொடி தாமதமாக வந்தால், திரையில் அது ஒரு மீட்டர் பின்னால்தான் தெரியும்.