"எங்க கல்ச்சரே தனி" என்று சொல்லும் கம்பெனியை நம்பலாமா?

இரண்டு ஆஃபர், சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரு கம்பெனியின் ஹெச்ஆர் மட்டும் தங்கள் கல்ச்சரைப் பற்றி அரை மணி நேரம் பேசினார் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்ச்சர் தானாக அமைவது, அதை யாரும் திட்டமிட்டு உண்டாக்க முடியாது என்பது உங்கள் அப்பாவின் கட்சி. அவர் சொல்வதில் பாதி சரி. சுவரில் எழுதிப் போட்டு உண்டாக்க முடியாது.

மரியாதை, நேர்மை என்று ஆண்டறிக்கையில் அச்சிட்ட என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி கம்பெனி, கணக்கு மோசடி அம்பலமாகி 2001 டிசம்பரில் திவாலானது. ஊழியர்களைத் தரவரிசைப்படுத்தி, கடைசியில் வருபவர்களை வெளியேற்றும் முறையும் அங்கே இருந்தது. அறிக்கையா, வேலை போகும் பயமா, எது ஆட்களை நடத்தியிருக்கும்? ஆக, அங்கேயும் கல்ச்சரை வடிவமைத்துத்தான் இருந்தார்கள். அச்சில் போட்டது வேறு, அவ்வளவுதான்.

நல்ல பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலை, ஆட்கள் வேலைக்கு வராமல் போவதற்கும் ஓயாத தகராறுக்கும் பேர்போனது. 1982-இல் மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவோடு கூட்டு சேர்ந்து நும்மி என்ற பெயரில் திறந்தபோது, வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே. மாறியது வேலை நடக்கும் விதம். கோளாறு கண்டால் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். டீம் லீடர் உடனே வந்து, திட்டாமல், என்ன பிரச்சினை என்று கேட்பார். தீராவிட்டால் கார் தயாரிப்பு லைனே நிற்கும். சில ஆண்டுகளில் தரத்தில் அந்த ஆலை முன்வரிசைக்கு வந்தது. இதையே மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக ஜெனரல் மோட்டார்ஸ் பல வருடம் திணறியது. கயிறு கட்டுவது சுலபம். இழுத்தவனைத் திட்டாத சூப்பர்வைசரை உண்டாக்குவதுதான் கஷ்டம்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது அந்தக் கயிற்றை. இலவச ஸ்நாக்ஸ், டேபிள் டென்னிஸ் எல்லாம் இருந்தால் சந்தோஷம், கணக்கில் சேர்க்காதீர்கள். ஹெச்ஆரை விட்டுவிட்டு, உங்களுக்கு மேனேஜராக வரப்போகிறவரிடம் கேளுங்கள்: "போன முறை உங்கள் டீமில் யாருக்கு பிரமோஷன் கிடைத்தது, எதற்காக?" "வேலை குறித்த நேரத்தில் முடியாது என்று ஒருவர் முன்கூட்டியே சொன்னபோது என்ன செய்தீர்கள்?" பதிலில் நடந்த சம்பவம் வருகிறதா, 'ஓப்பன் கல்ச்சர்', 'குடும்பம் மாதிரி' என்ற வார்த்தைகள் மட்டும் வருகின்றனவா என்று கவனியுங்கள். (குடும்பம் என்று சொல்கிறவர்களிடம் ஓவர்டைம் பற்றியும் கேட்டுவிடுங்கள்.) புதிதாகச் சேர்கிறவருக்கு நேர் மேனேஜர்தான் கம்பெனி; நிறுவனம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அன்றாடம் நீங்கள் பார்க்கப்போவது அவரைத்தான்.

இன்னொன்றும் செய்யுங்கள். போன வருடம் அதே டீமில் சேர்ந்த ஒருவரோடு பத்து நிமிடம் பேச ஏற்பாடு செய்யும்படி இரண்டு கம்பெனிகளிடமும் மெயிலில் கேளுங்கள். ஆஃபர் கையில் இருக்கும்போது இப்படிக் கேட்பது தவறே இல்லை. பேசி முடிக்கும் வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். பதில் சொல்ல ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள்.