வாந்தி நின்ற பிறகு: நான்கு முதல் ஆறாம் மாதம் வரை எழும் ஐயங்கள்

கேள்வி: எனக்கு இது முதல் கர்ப்பம், 18 வாரம் முடிந்திருக்கிறது. என் நாத்தனாருக்கு இரண்டாவது குழந்தை நான்காம் மாதத்திலேயே அசைந்ததாகச் சொல்கிறார். எனக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை. வாந்தியும் நின்றுவிட்டது, வயிறும் பெரிதாகத் தெரியவில்லை. உள்ளே குழந்தை நன்றாக இருக்கிறதா என்று இரவில் தூக்கம் வருவதில்லை. (வாசகி, கும்பகோணம்)

பதில்: விடையில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். உங்கள் நாத்தனாருக்கு அது இரண்டாவது குழந்தை. ஒருமுறை பெற்றவர் அந்த அசைவை ஏற்கெனவே அறிந்திருப்பதால் 16ஆம் வாரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார். முதல்முறை கருவுற்றவருக்கு அது பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்துக்குள்தான் தெரியவரும். அதுவும் உதையாக வராது. வயிற்றுக்குள் குமிழி உடைவது போலவோ, சிறு மீன் புரள்வது போலவோ இருக்கும் என்பதால், வாயுத் தொல்லை என்று நினைத்துச் சில நாள் பெருங்காய மோர் குடித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். 20ஆம் வாரத்தில்கூடக் குழந்தையின் எடை ஏறத்தாழ 300 கிராம்தான். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்சுவரில் அமைந்திருந்தால், அது நடுவில் மெத்தை போல நின்று அசைவை மறைப்பதால் இன்னும் சில வாரங்கள் தாமதமாகலாம். ஆனால் 24 வாரம் ஆகியும் அசைவே தெரியாவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வாந்தி நின்றதற்காகப் பயப்பட வேண்டாம். முதல் மூன்று மாதங்களில் உச்சத்துக்குப் போகும் கர்ப்ப ஹார்மோன் அதன்பின் இறங்குவதால் பெரும்பாலோருக்குக் குமட்டல் தணிகிறது. கருப்பையின் மேல்முனை தொப்புளை எட்டுவதே 20ஆம் வாரத்தை ஒட்டித்தான் என்பதால், உயரமும் உடல்வாகும் சேர்ந்து வயிற்றைச் சிலருக்கு வெகுநாள் மறைத்துவைக்கும்.

கேள்வி: என் மருமகளுக்கு ஐந்தாம் மாதம். மூன்றாம் மாதம் ஸ்கேன் எடுத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். இப்போது மறுபடியும் எடுக்கச் சொல்கிறார்கள். ஸ்கேனே இல்லாமல் நான் மூன்று பெற்றேன். இத்தனை முறை எடுத்தால் கதிர்கள் குழந்தையைப் பாதிக்காதா? வளைகாப்பு முடிந்தபின் எடுத்துக்கொள்ளலாமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: அம்மா, இந்த ஸ்கேனில் எக்ஸ்ரேயைப் போன்ற கதிர்கள் இல்லை, நம் காதுக்கு எட்டாத ஒலி அலைகள் உள்ளே போய்த் திரும்பிவருவதை வைத்தே படம் உருவாகிறது. மூன்றாம் மாத ஸ்கேன் குழந்தையின் வயதைக் கணக்கிடவும் சில ஆரம்பக் குறிகளைப் பார்க்கவும் உதவும். அப்போது இதயம் மிகச் சிறியது. அதன் நான்கு அறைகளையும் முதுகெலும்பையும் மூளையையும் சிறுநீரகங்களையும் மேலுதட்டையும் தெளிவாகப் பார்க்க ஏற்ற காலம் 18 முதல் 20 வாரம் வரைதான்.

வளைகாப்பு வரை தள்ளிப்போட வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதயத்தில் குறை இருப்பது முன்கூட்டியே தெரிந்தால், பிறந்த உடனே சிகிச்சை தரக்கூடிய மருத்துவமனையில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்ய அவகாசம் கிடைக்கும். பிழைக்க வழியில்லாத கடுமையான குறையாக இருந்தால், என்ன செய்வது என்று குடும்பம் கலந்து பேசவும் காலம் வேண்டும். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்ட பிறகும், 24 வாரத்தைத் தாண்டினால் மருத்துவக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது. ஏழாம் மாதத்தில் தெரியவந்தால் அந்தப் பெண்ணுக்குத்தான் வேதனை அதிகம்.

நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று அறிக்கையில் எழுதியிருந்தால் பதற வேண்டாம். கருப்பை வளர வளர அது பெரும்பாலும் மேலே விலகிவிடும். 32 வாரத்தை ஒட்டி மீண்டும் பார்ப்பார்கள். ஸ்கேன் எல்லாக் குறைகளையும் காட்டிவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஆணா பெண்ணா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை நோய் இல்லை. இரண்டாம் மாதத்தில் பார்த்தபோது எனக்கும் சரியாகவே இருந்தது. ஆறாம் மாதத்தில் குளுக்கோஸ் குடித்து மறுபடியும் பரிசோதிக்க வேண்டுமா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: வேண்டும். நஞ்சுக்கொடி வளரும்போது அது சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. அந்தத் தடை 24 முதல் 28 வாரத்துக்குள்தான் தெளிவாக வெளிப்படும் என்பதால் இரண்டாம் மாத முடிவு இப்போதைக்குப் பொருந்தாது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. நம் அரசு வழிகாட்டுதல்படி வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும் என்பதில்லை. குடித்த அரைமணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். முடிவு கூடுதலாக வந்தாலும் உடனே ஊசி என்று நினைக்காதீர்கள். பெரும்பாலோருக்குச் சோற்றின் அளவைக் குறைத்து, சுண்டலும் கீரையும் கூட்டி, நடைப்பயிற்சி செய்தாலே கட்டுக்குள் வந்துவிடும்.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கலும் வந்துவிட்டது. குழந்தையும் கறுப்பாகப் பிறக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நிறுத்திவிடலாமா? (வாசகி, சேலம்)

பதில்: நிறுத்த வேண்டாம். இந்த மாதங்களில் உங்கள் உடலில் இரத்தத்தின் மொத்த அளவு ஏறத்தாழ பாதியளவுக்குக் கூடுகிறது. அதில் நீர்ப்பகுதி வேகமாகவும் சிவப்பணுக்கள் மெதுவாகவும் பெருகுவதால், குழம்பில் தண்ணீர் கூடியது போல ஹீமோகுளோபின் இறங்கும். அது 11 கிராமுக்குக் கீழே போகாமல் காக்கவே நான்காம் மாதம் முதல் 180 நாளுக்கு நாள்தோறும் ஒரு மாத்திரை தரப்படுகிறது. உடல் ஏற்றுக்கொள்ளாமல் மிஞ்சிய இரும்புதான் மலத்தைக் கறுப்பாக்குகிறது. குழந்தையின் நிறம் பெற்றோரின் மரபணுவில் எழுதப்பட்டது. மாத்திரை அதைக் கறுப்பாக்காது, குங்குமப்பூ சிவப்பாக்காது.

காபி, தேநீர், பால் ஆகியவற்றோடு மாத்திரையைப் போட்டால் சத்து உடலில் சேராது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது 2 மணி நேர இடைவெளி விடுங்கள். மலச்சிக்கலுக்கு வாழைத்தண்டு, கீரை, போதிய தண்ணீர் போதும். அப்படியும் சரியாகாவிட்டால் மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றிக்கொடுப்பார்.

கேள்வி: மனைவிக்கு 22 வாரம். மைத்துனன் திருமணத்துக்குச் சென்னையிலிருந்து கோவைக்கு ரயிலில் அழைத்துப்போகலாமா? (வாசகர், சென்னை)

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள், பயணத்துக்கு இதைவிட நல்ல மாதங்கள் கர்ப்பத்தில் இல்லை. கீழ்ப்படுக்கை எடுங்கள், ஒருமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். எழும்போது அடிவயிற்றின் ஓரத்தில் சுரீரென்று இழுப்பது கருப்பையைத் தாங்கும் நார்கள் நீள்வதால் வருவது. சற்று உட்கார்ந்தால் போய்விடும். ஆனால் இரத்தக்கசிவோ நீர்க்கசிவோ, விட்டு விட்டு வரும் வயிற்று வலியோ, முக வீக்கத்தோடு கடுமையான தலைவலியோ, கண் மங்கலோ இருந்தால், முகூர்த்த நேரமானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 20 வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டால் அது தனியே கவனிக்க வேண்டிய நோய். பரிசோதனை அட்டையையும் ஸ்கேன் அறிக்கையையும் மனைவியின் கைப்பையிலேயே வையுங்கள். பட்டுப்புடவைப் பெட்டியின் அடியில் வைத்துவிடாதீர்கள்.